சவரிராயன் என்னும் பெயர்

தமிழர் ஒரு கூட்டத்தை எண்ணும்போது, "பத்துப் பேர் வந்தனர், இருபது பேர் இருந்தனர்" என்றே கூறுவர். பேர் என்பது பெயர் என்பதன் மரூஉ. ஆள் வேறு, பெயர் வேறு எனப் பிரித்துக் காணாத மனப்பான்மை இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது. ஆகவே, ஒருவர் பெயரை ஆராய்வது அவரையே ஆராய்வதற்கு ஒப்பாகும். ஒருவர் பெயரை எள்ளுவது அவரையே எள்ளுவதாகும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, நம் பகுதியில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பெயரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

வேலூர், இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் ஆகிய ஊர்களை இணைக்கும் நிலப்பகுதியைத் தோல் தொழிலின் சீமை என்றே பிறர் அறிவர். இச்சீமையிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களிற் சவரிராயன், சவரிமுத்து, சவரியம்மாள் என்னும் பெயர்களைக் கேட்கலாம். அவர்தம் பேரப் பிள்ளைகளோ சேவியர் என்றும், சேவியர் ராஜ் என்றும் கல்லூரிப் பட்டியிற் பெயர் எழுதுகின்றனர். இவையெல்லாம் ஒரே பெயரின் வடிவங்கள் என்பதைச் சிலரே அறிவர். அப்பெயர் ஸ்பெயின் தேசத்தின் வடகோடியிலுள்ள ஒரு மலைநாட்டிற் பிறந்தது என்பதை அறிந்தவர் இன்னுஞ் சிலரே. ஆம்பூர்த் தோலுக்கும் ஸ்பெயினுக்கும் என்ன தொடர்பு என வியப்பவர்க்கு ஒன்று சொல்லலாம். ஸ்பெயினின் கோர்டோவா நகரத்துத் தோல் ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்தது. அந்நகரின் பெயரிலிருந்து பிறந்த சொல்லாலேயே இங்கிலாந்திற் காலணி தைப்போர் முன்னாளில் அழைக்கப்பட்டனர். தோலோடு பெயரும் கடல் கடந்து செல்லும் என்பதற்கு அதுவே சான்று. நாம் கூறப்போகும் பெயரும் கடல் கடந்து வந்ததே.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே பிரனீஸ் மலைத்தொடர் நிற்கிறது. அதன் சாரலில் நவார் என்னும் சிற்றரசு ஒரு காலத்தில் இருந்தது. அங்கே வாழும் பாஸ்க்கு மக்களின் மொழி ஐரோப்பாவின் பிற மொழிகளோடு உறவில்லாத தனிமொழி. அம்மொழியில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதிய. இரண்டும் சேர்ந்த 'எச்செபெர்ரி' என்பது புதுவீடு எனப் பொருள்படும். இச்சொல் அண்டையிலிருந்த லத்தீன்வழி மொழியினர் நாவிற் பட்டுத் தேய்ந்து 'ஷவியேர்' என ஓர் ஊருக்கும் அவ்வூர்க் கோட்டைக்கும் பெயராயிற்று. நம் நாட்டிற் புத்தூர், புதூர், புதுக்குடி என ஊர்களும், தென்கோடியிற் புத்தன்வீடு, புதுவீடு என இல்லங்களும் பெயர் பெற்றிருத்தல் போன்றதே இது. ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மையார் 1964-ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலின் பெயர் 'புத்தம் வீடு'. பொருளளவில் அப்பெயரும் இப்பெயரும் ஒன்றே என்பது இனிய ஒற்றுமை.

அக்கோட்டையில் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிரான்சிஸ் என்னும் குழந்தை பிறந்தது. கோட்டை தாய்வழி வந்த சொத்து. தந்தையின் குடிப்பெயர் ஜாஸோ. தாயின் குடிப்பெயர் அஸ்பில்குவேட்டா. ஆயினும் உலகம் இவரை அறிந்தது பிறந்த கோட்டையின் பெயராலேயே. 1512-இல் நவார் அரசு காஸ்தீலியரிடம் வீழ்ந்தது. 1516-இல் அக்கோட்டையின் மதில்கள் வென்றோர் ஆணையால் இடிக்கப்பட்டன. அப்போது இவர் பத்து வயதுச் சிறுவர். புதுவீடு பாழ்வீடாயிற்று. 1525-இற் பாரிஸ் நகருக்குக் கல்வி கற்கச் சென்றவர் பின் அவ்வீட்டை நோக்கித் திரும்பவில்லை. இஞ்ஞாசியாரோடு சேர்ந்து 1534-இல் துறவுக்குரிய வாக்குறுதி அளித்த எழுவருள் இவரும் ஒருவர். 1541-இல் லிஸ்பனிற் கப்பலேறி, 1542-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் கோவாவில் இறங்கினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளிப்போர் வாழும் பாண்டிக் கடற்கரைக்கு வந்தார்.

அங்கே அவர் செய்த முதல் வேலை தமிழ் மாணாக்கராகிய நம் நெஞ்சைத் தொடுவது. தமிழும் போர்ச்சுக்கீசியமும் ஒருவாறு அறிந்த சிலரைக் கூட்டி, அவர்கள் துணையால் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பின்பு கையிற் சிறுமணி ஏந்தி ஊர்தோறும் சிறுவரை அழைத்து அவற்றைக் கற்பித்தார். இவற்றை அவர் தம் கடிதங்களிலே எழுதியுள்ளார். அவருக்குப் பின் அக்கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சிட்டார். பிரான்சிஸ் 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையை அடுத்த ஒரு தீவில் இறந்தார். 1622-இற் புனிதராக உயர்த்தப்பட்டார். அதன் பின்னரே அவர் கோட்டையின் பெயர் குழந்தைகட்கு இடும் பெயராக உலகெங்கும் பரவியது. ஓர் ஊரின் பெயர் ஒருவரின் அடைமொழியாகி, அவ்வடைமொழி பிறர்க்கு இடுபெயராகிய வரலாறு இது.

இனி, ஷவியேர் எவ்வாறு சவரி ஆனார் என்பதைக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டிற் ஸ்பானியரும் போர்ச்சுக்கீசியரும் இப்பெயரின் முதலெழுத்தை 'ஷ' என்றே ஒலித்தனர். போர்ச்சுக்கீசியர் இன்றும் அவ்வாறே ஒலிக்கின்றனர். திருச்சபையின் லத்தீன் நூல்களில் இது 'க்ஸவேரியுஸ்' என எழுதப்பட்டது. தமிழகத்திற்கு வந்த குருமாருள் இத்தாலியர் பலர். அவர்கள் வாயில் இது 'சவேரியோ' ஆயிற்று. இவ்வொலிகள் எல்லாம் தமிழ்ச் செவியிற் பட்டு, ஷகரம் சகரமாக, சவேரி எனவும் சவரி எனவும் நின்றன. அயன்மொழிச் சொல்லின் அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வழங்குவதே முறை என்பது இலக்கண ஆசிரியர் கொள்கை. பாமர மக்கள் இலக்கணம் படியாமலே அதனைச் செய்தனர்.

இங்கே ஓர் இலக்கணச் செய்தியும் நினைக்கத்தக்கது. சகரம் அகரத்தோடு கூடி மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம். ஆகும் என்பது நன்னூல். சங்கு, சட்டி, சமயம் என்னும் சொற்கள் வழக்கில் வேரூன்றிய பின்னர்ப் பவணந்தியார் அவற்றிற்கு இடமளித்தார். அவர் திறந்துவைத்த வாயிலின் வழியாகவே சவரியும் தமிழுக்குள் நுழைந்தது எனல் பொருந்தும்.

நம் பகுதி வாசகர்க்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று உண்டு. பச்சைத் தோல் அவ்வண்ணமே பயன்படாது. முன்னாளில் அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம் பட்டை ஊறிய தொட்டியிற் பல நாள் கிடத்தி, பின்னர்க் கடுக்காய் நீரிலும் இட்டுப் பதப்படுத்துவர். தொட்டியிலிருந்து எடுத்த தோல் எங்கிருந்து வந்த மாட்டினதாயினும், இனி அது இவ்வூர்ச் சரக்கே. அயற்பெயரும் அத்தகையதே. தமிழ் நாவில் ஊறி எழுந்த பின் அது தமிழ்ப் பெயரே.

பெயர்களைத் தமிழாக்குவதில் நம் முன்னோர் இரு நெறிகளைக் கையாண்டனர். ஒன்று பொருள் பற்றியது. மற்றொன்று ஒலி பற்றியது. பவுல் என்னும் லத்தீன் பெயர் சிறியவர் எனப் பொருள்படுதலின் அவரைச் சின்னப்பர் என்றனர். யோவான் என்பது இறைவன் அருளுடையவர் எனப் பொருள்படுதலின் அருளப்பர் என்றனர். வீரமாமுனிவர் தேம்பாவணியிற் சூசையப்பரை வளன் என்றதும் இந்நெறியே. இனி, ஒலி பற்றி வந்தவை அந்தோணியார், சந்தியாகப்பர், சவேரியார் முதலியன. சந்தியாகு என்பதும் ஸ்பெயின் நாட்டில் 'சந்தியாகோ' எனப் போற்றப்படும் பெயரே. சவேரியாரைப் பொருள் பற்றி மொழிபெயர்த்திருந்தாற் புதுவீட்டார் என்றன்றோ ஆகியிருக்கும்! பொருளை அறியாமையாலோ, ஒலியின் இனிமையாலோ, அதனை ஒலியாகவே விட்டுவைத்தனர்.

அவ்வாறு விட்டுவைத்தபோதும், வாளா இருந்தாரல்லர். சவரி என்னும் அடியின்மேல் ஆர் என்னும் உயர்வு விகுதி சேர்த்துப் புனிதரைச் சவேரியார் என்றனர். குழந்தைகட்கு இடும்போது முத்து, நாதன், ராயன், அம்மாள் என்னும் தமிழ்வழக்குச் சொற்களைச் சேர்த்துச் சவரிமுத்து, சவேரிநாதன், சவரிராயன், சவரியம்மாள் என்றனர். புதுச்சேரியிற் சவராயலு என்னும் வடிவமும் உண்டு. ராயன் என்பது அரசன் எனப் பொருள்படும். ஸ்பெயினிற் புதுவீடு எனப் பொருள் பெற்ற சொல், தமிழகத்தில் அரசனைத் துணைக்கொண்டு நிமிர்ந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒலியொப்புமை கண்டு எல்லாவற்றையும் ஒன்றெனக் கொள்ளல் தவறு. திருக்கண்ணபுரத்துப் பெருமாள் சௌரிராஜர் எனப்படுவர். அவர் பெயரால் வைணவர் இடும் சௌரிராஜன் என்னும் பெயர் திருமாலின் பெயராகிய சௌரி என்பதினின்று வந்தது. அதற்கும் ஸ்பெயினுக்கும் தொடர்பில்லை. அவ்வாறே கம்பர் இராமாயணத்தில் வரும் சவரி, வடமொழிச் சபரியே. ஆயினும் இவ்வொலிகள் முன்னரே தமிழிற் பழகியிருந்தமையால், புதிதாக வந்த சவரி தமிழ்ச் செவிக்கு அந்நியமாக இராது.

இப்பெயரைத் தாங்கிய பெரியோர் உலகெங்கும் உளர். முதலிற் குறிக்கத்தக்கவர் ஜெரோம் சேவியர். இவர் பிரான்சிஸின் உறவின் வழியில் 1549-இற் பிறந்தவர். பிறந்த குடிப்பெயர் எஸ்பெலேட்டா. தம் முன்னோரைப் போற்றி இப்பெயரை மேற்கொண்டார். 1595-இல் இலாகூரில் அக்பர் பாதுஷாவின் அவைக்கு வந்து, பாரசீக மொழி கற்று, இயேசுநாதரின் வரலாற்றை அம்மொழியில் எழுதி 1602-இல் முடித்து அக்பருக்கு அளித்தார். பிரேசில் தேசத்தின் விடுதலைக்காக முதன்முதல் உயிர் நீத்தோருள் ஒருவரான ஜோவாக்கிம் ஜோசே த சில்வா ஷவியேர், பல் பிடுங்கும் தொழில் அறிந்தமையால் 'திராதெந்தெஸ்' எனப்பட்டவர். போர்ச்சுக்கீசிய அரசு அவரை 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் தூக்கிலிட்டது. அந்நாளை அத்தேசம் விடுமுறை நாளாகக் கொண்டாடுகிறது. மெக்சிகோவின் பண்டை வரலாற்றை எழுதிய பிரான்சிஸ்கோ ஹாவியேர் கிளாவிஹெரோ (1731-1787), ஐரோப்பியர் இகழ்ந்த தம் நாட்டுப் பழங்குடிகளின் நாகரிகத்தை உலகிற்கு எடுத்துரைத்தார். இத்தாலியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஏழைகட்காக உழைத்த பிரான்சிஸ் சேவியர் கப்ரீனி அம்மையார் (1850-1917), சேவியர் என்பதைத் துறவுப் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். பெரு நாட்டினரான ஹாவியேர் பெரெஸ் தெ குவெய்யார் 1982 முதல் 1991 வரை ஐக்கிய நாடுகளின் பொதுச் செயலாளராய் விளங்கினார்.

சேவியர் ஒருபால், ஹாவியேர் ஒருபால் வருவதேன் எனிற் கூறுதும். பிரான்சிஸின் காலத்திற்குப் பின் ஸ்பானிய மொழியில் ஷகர ஒலி மெல்லத் தொண்டைக்கு இறங்கி ஹகரம் போன்றதாயிற்று. 1815-இல் ஸ்பானிய மொழிக் கழகம் அவ்வொலிக்கு வேறெழுத்தை விதித்தபோது பெயரின் எழுத்தும் மாறியது. ஆங்கிலேயர் எழுத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு 'சேவியர்' என ஒலித்தனர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் பாளையங்கோட்டையிலும் முறையே 1869, 1860, 1923-ஆம் ஆண்டுகளில் தோன்றிய கல்லூரிகளின் பெயரால் அவ்வாங்கில ஒலி இந்நாட்டில் வேரூன்றிற்று. ஸ்பெயினின் கிழக்கே கத்தலான் மொழி பேசுவோர் மட்டும் பழைய ஒலியை விடவில்லை. 2010-இல் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் கால்பந்து அணியில் ஆடிய சாவி எர்னாந்தெஸ் என்பவரை நம் மாணவர் பலர் அறிவர். அச் 'சாவி' சேவியர் என்பதன் செல்லப் பெயரே. பூட்டைத் திறக்கும் சாவி என்னும் தமிழ்ச் சொல்லோ போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த வேறு சொல். இரண்டும் ஒன்றல்லவெனினும், கப்பலேறி வந்த சொற்கள் நம் வீட்டுக் கதவிலும் தொங்குகின்றன என்பதை இது நினைவூட்டும்.

நிற்க, தமிழகத்தில் இப்பெயரினர் செய்த தொண்டினை இனி நோக்குவோம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் உ. வே. சாமிநாதையரோடு உடன் பயின்றவர் சவேரிநாத பிள்ளை. அவர் கிறிஸ்தவர், ஆசிரியரோ சைவ ஆதீனப் புலவர், உடன்பயின்றவர் அந்தணர். திருவாவடுதுறையில் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவான் உயிர் நீத்தபோது, அருகிருந்து அவரைத் தாங்கியவர் இச்சவேரிநாதரே. ஐயரவர்கள் அப்போது திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தார். ஸ்பெயின் நாட்டுப் பெயர் பூண்ட ஒருவர் கைகளிலே தமிழ்ப் பேராசான் சாய்ந்திருக்க, செவியிலே திருவாசகம் ஒலித்த அக்காட்சியை நினைக்குந்தோறும், தமிழ் எத்துணைப் பெரிய வீடு என வியக்கிறோம். மகாவித்துவானின் மாணாக்கர் வரிசையிற் புதுச்சேரிக் கிறிஸ்தவப் புலவர் சவராயலு நாயகரும் உளர்.

திருநெல்வேலிச் சீமையில் 19-ஆம் நூற்றாண்டிற் சபை உபதேசியாக இருந்த சவரிராய பிள்ளையின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அவர் வம்ச வரலாறாகத் தொகுக்கப்பட்டு அச்சேறின. அவர் புராட்டஸ்டண்டுச் சபையினர். ஆகவே, சவரிராயன் என்பது கத்தோலிக்கர்க்கே உரியது எனக் கருதுவோர் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளல் நன்று. திருச்சிராப்பள்ளியிற் பண்டித சவரிராயர், 1907-இல் தொடங்கி வெளிவந்த தமிழ்த் தொல்பொருள் ஆய்வு இதழின் ஆசிரியராய் இருந்து, தமிழரின் பழமையைப் பற்றி அறிஞர் பலரை எழுதச் செய்தார்.

யாவரினும் பரந்த புகழ் பெற்றவர் ஈழத்துக் கரம்பனில் 1913-இற் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார். உரோமையிற் குருத்துவக் கல்வி பயின்று, வடக்கன்குளத்திற் பள்ளியாசிரியராய் இருந்த பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகக் கற்றார். 1952-இல் ஆங்கிலத்தில் 'தமிழ்ப் பண்பாடு' என்னும் பொருளுடைய இதழைத் தொடங்கினார். 1964-இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இற் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்று உழைத்தார். 1679-இல் அச்சிடப்பட்ட அந்தோம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்ச்சுக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966-இல் மீண்டும் வெளிவரச் செய்தார். 1980-இல் மறைந்தார். ஒரு சேவியர் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து தமிழ் கற்க வந்தார்; மற்றொரு சேவியர் இருபதாம் நூற்றாண்டில் தமிழை ஐரோப்பாவிற்கும் கிழக்காசியாவிற்கும் எடுத்துச் சென்றார். வந்த கடனை வட்டியோடு தீர்த்தவர் அடிகளார்.

நம் சீமைக்கும் இப்பெயர் ஒரு பெருமையைத் தந்துள்ளது. திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் ஸ்காட்லாந்துச் செல்வக் குடியினராகிய மருத்துவர் பாரஸ்டர் பேட்டன். மற்றவர் மேல்நாட்டில் மருத்துவம் பயின்ற ச. ஜேசுதாசன். அவர் பெயரின் முன்னெழுத்தாகிய 'ச' என்பது சவரிராயன். இருவரும் கதராடை உடுத்து, எளிய உணவு உண்டு, சுற்றுப்புறத்து ஏழைகட்கு மருத்துவம் செய்து வாழ்ந்தனர். அவர்கள் எழுப்பிய செபாலயம் தமிழ்நாட்டுக் கோயிற் கட்டட முறையில் அமைந்தது. மக்கள் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். வெள்ளையர் ஆண்ட காலத்தில் தமிழர் பெரியண்ணனாகவும் ஐரோப்பியர் சின்னண்ணனாகவும் அழைக்கப்பட்டது சிறு செய்தியன்று.

இவ்வளவு வரலாற்றையும் நாம் எடுத்துரைத்தது வெறும் வியப்பிற்காக அன்று. நம்மோடு பயிலும் நண்பர் ஒருவரின் பாட்டனார் பெயர் சவரிமுத்து. மக்கள் 'தோல் ஷாப்பு' என்று சொல்லும் ஒரு பதனிடும் சாலையில் அவர் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அங்கிருந்த மேஸ்திரி அவரை முழுப்பெயரால் அழைத்ததே இல்லையாம். சவரம் என்றும், சவுரி முடி என்றும் கேலி பேசிக் கூப்பிடுவது வழக்கமாம். கூலி வாங்கும் பட்டியிலும் பெயர் பாதியாகவே எழுதப்பட்டதாம். முழுப்பெயர் இருந்த இடம் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றே. பேரன் வகுப்பில் அப்பெயரை முன்னெழுத்தாக விரித்துப் படித்தபோது, சிலர் நகைத்தனர். அன்றுமுதல் அவர் அதனை விரித்துச் சொல்ல நாணுகிறார். அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ளவும் எண்ணுகிறார்.

பெயரை மாற்றுவது அவரவர் உரிமை. அதனை நாம் குறை கூறோம். ஆயின், நாணம் காரணமாக மாற்றுதல் தகுமோ? சவரிமுத்து பட்டிக்காட்டுப் பெயர், சேவியர் நாகரிகப் பெயர் எனக் கருதுவோர், இரண்டும் ஒன்றே என்பதை முதலில் அறிதல் வேண்டும். நுணுகி நோக்கின், பழைய ஒலிக்கு அண்மையில் நிற்பது சவரியே. ஆங்கிலேயர் வாயில் நெடுந்தொலைவு விலகியது சேவியரே. மற்றொரு சாரார் இவையெல்லாம் அந்நியப் பெயர், தமிழர்க்கு ஆகா என்பர். அவர்கட்கும் விடை மேலே சொன்னவற்றில் உண்டு. முத்தும் நாதனும் ராயனும் ஸ்பெயினிலிருந்து வந்தவையல்ல. அவற்றைச் சேர்த்தவர் தமிழ் மக்கள். அப்பெயரோடு மகாவித்துவானுக்குப் பணிவிடை செய்தவர் தமிழ் மாணாக்கர். அப்பெயரோடு தமிழாராய்ச்சிக்கு உலக மன்றம் கண்டவர் தமிழ்த் துறவி.

இன்னுமொன்று. உழைப்பாளர் குடிகளிற் பிறந்தோரை ஊரார் மதிப்பான பெயர் சொல்லி அழையாத காலம் இந்நாட்டில் நெடிது நின்றது. அக்காலத்தில் ஓர் ஏழைத் தாய் தன் மகனுக்குச் சவரிராயன் எனப் பெயரிட்டபோது, உலகம் அவனுக்குத் தர மறுத்த ராயன் என்னும் சிறப்பைத் தானே தந்துவிட்டாள். மேஸ்திரி அதனைப் பாதியாக்கினான். நாமும் கல்வி கற்ற பின் மீதிப் பாதியையும் அழித்துவிடுவோமாயின், அத்தாயின் கொடை என்னாவது?

ஆதலின், நண்பர்காள்! நம் வகுப்புகளிற் சவரிராயன் என்னும் பெயர் படிக்கப்படும்போது நகையாதிருப்போம்; முழுப்பெயரையும் திருத்தமாகச் சொல்லி அழைப்போம். வீட்டிலுள்ள முதியோரிடம் அவர்தம் பெயர் எவரால் இடப்பட்டது, எப்பதிவேட்டில் உள்ளது என இன்றே கேட்டு எழுதிவைப்போம். அவர்கள் மறைந்தபின் கேட்டறிய இயலாது. புதுவீடு எனப் பொருள்படும் இப்பெயருக்குரிய பழங்கோட்டை 1516-இல் இடிக்கப்பட்டது. அப்பெயர் குடிபுகுந்த தமிழ்வீடோ இன்றும் நிற்கிறது. அவ்வீட்டில் அதற்குரிய இடத்தைக் கொடுப்பது நம் கடமை.